மஞ்சள் வாய்களும் தள்ளிநில்லு டீச்சரும்

தேரைப் பார்த்து "தள்ளி நில்லு" என்று சொன்ன மனுஷி இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் ராஜபாளையத்தில் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சராக இருந்தார். ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ரதவீதியில் ஊரே வடம் பிடித்து இழுக்க, தேர் அசைந்து அசைந்து அவர் நின்ற பக்கமாகத் திரும்பியதாம். டீச்சர் குடையை நீட்டி, "அங்கனயே நில்லு" என்றாராம். தேர் நின்றுவிட்டது. சக்கரத்துக்குக் கட்டை போட்டதால்தான் நின்றது என்று சிலர் சொல்வார்கள். எங்கள் தெருவில் யாரும் அதை நம்புவதில்லை.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்குத் தள்ளிநில்லு டீச்சர்தான். பிள்ளைகள், பெற்றவர்கள், தபால்காரர், பஸ் கண்டக்டர், யாராக இருந்தாலும் குடையை நீட்டுவார். குடையின் நுனி எங்கே முடிகிறதோ அங்கே நம் கால் நிற்க வேண்டும். மூச்சில் கிருமி வரும் என்பார். தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். அந்த ஊரிலிருந்து வருகிறவர்கள் பால்கோவா கொண்டுவருவார்கள். இவர் பினாயில் கொண்டுவந்தார்.

பிள்ளைகளின் கணக்கு நோட்டுகளை முற்றத்தில் வெயில் காயவைத்த பிறகுதான் தொட்டுத் திருத்துவார். ஒருநாள் காய்ந்த நோட்டு ஒன்றை ஆடு தின்றுவிட்டது. நோட்டுக்குச் சொந்தக்காரப் பையன் அழுதான். டீச்சர் யோசித்துப் பார்த்து அவனுக்குப் பத்துக்கு ஐந்து போட்டார். "எதுக்கு டீச்சர் அஞ்சு?" என்று பெரிய வாத்தியார் கேட்டதற்கு, "தப்புக் கணக்கா இருந்தா ஆடு செமிக்காம கத்திருக்கும். பாதியாவது சரியாத்தான் போட்டிருப்பான்" என்றாராம்.

இப்போது என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வெட்கமாகத்தான் இருக்கிறது. எனக்கு அந்த வெட்கம்தான் வியாதி. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது; பேச்சு அதற்கும் முன்னாலேயே நின்றுவிட்டது. கடைக்குப் போனால் கத்தரிக்காய் வேண்டும் என்று கேட்க வாய் வராது. கடைக்காரர் எதை எடுத்துப் போடுகிறாரோ அதை வாங்கிக்கொண்டு வருவேன். அப்படித்தான் எங்கள் வீட்டில் பல வருஷம் புடலங்காய் ஓடியது. வீட்டுக்காரர் லாரியில் போனால் திரும்பி வர நாளாகும். அதுவரை என் வாய் பக்கத்து வீட்டு மாடத்தி மதினியிடம் இருக்கும். நான் மனதில் நினைத்தால் மதினி தெருவில் சத்தம் போடுவார்.

டீச்சர் வந்த புதிதில் மதினி அப்படி ஒரு சத்தம் போட்டார். "தள்ளி நில்லு" என்பது எங்கள் பக்கத்தில் சும்மா சொல்லிவிட்டுப் போகிற பேச்சு இல்லை. யார் யாரைப் பார்த்து அதைச் சொல்வார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். மதினி சேலையைச் செருகிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார். நானும் பின்னால், மதினியின் நிழலுக்குள்ளேயே போனேன்.

"ஏன் டீச்சர், எங்களப் பாத்தா ஒங்களுக்கு எப்படித் தெரியுது? நாங்க என்ன தொட்டா ஒட்டிக்கிற சாதியா?"

டீச்சர் பதில் சொல்வதற்குள் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பிள்ளைகளுக்குச் சிலேட்டு கொடுக்க வந்த மில் முதலாளி. வெள்ளை வேட்டியோடு கும்பிட்டபடி நடந்து வந்தார். டீச்சர் குடையை அந்தப் பக்கம் திருப்பி நீட்டினார்.

"ஐயா, அங்கனயே நில்லுங்க. சிலேட்டக் கீழ வைங்க. வெயில்ல கொஞ்சம் கெடக்கட்டும்."

முதலாளி அப்படியே நின்றுவிட்டார். பெரிய வாத்தியாருக்கு முகம் வேர்த்துவிட்டது. மதினி சேலைச் செருகலை அவிழ்த்துவிட்டார். "குடை எல்லாத்துக்கும் ஒரே நீளந்தான்ட்டீ" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தார். அன்றிலிருந்து டீச்சரைப் பற்றி யாராவது குறை சொன்னால் மதினிதான் முதலில் சண்டைக்குப் போவார்.

எண்பதுகளில் ஒரு மாசி மாதம். எங்கள் பக்கத்தில் அம்மை போட்டது. ஒரு வீடு இரண்டு வீடு இல்லை, தெருத் தெருவாக. வாசலுக்கு வாசல் வேப்பிலை தொங்கியது. தாளிக்கிற வாசனையே ஊரில் இல்லை. பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். கொஞ்ச நாள்தான் என்றார்கள். அது நீண்டுகொண்டே போனது.

எனக்கு அப்போது பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்தில் வேலை. என் ஒரே மகள் கனி, தள்ளிநில்லு டீச்சரின் வகுப்பு. கனிக்கு முன்னால் பிறந்த ஒன்று தங்கவில்லை. கனியும் குறைமாதப் பிள்ளை. காற்றடித்தாலே சளி பிடிக்கும். அவளுக்கு இன்னும் அம்மை போடவில்லை. வீட்டில் தனியாக விட முடியாமல் தறிக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். பஞ்சுத்தூசி பறக்கிற இடம். பிள்ளை இருமிக்கொண்டே கிடந்தது. தறி முதலாளி இரண்டு தரம் பார்த்தார். மூன்றாவது தரம் கிட்டே வந்தார்.

"ஏத்தா, இது தறிக்கூடமா, பால்வாடியா? பிள்ளைய நாளைக்கும் கூட்டிட்டு வந்தேன்னா தறிய வேற ஆளுக்குக் குடுத்துருவேன், பாத்துக்க."

நான் பல கேள்விகளை மனதுக்குள் கேட்டேன். வெளியே தலையை ஆட்டினேன். மறுநாளிலிருந்து கனியை மதினி வீட்டில் விட்டேன். மதினிக்கும் வேலை உண்டு. அது எத்தனை நாள் ஓடும்?

பங்குனி பிறந்ததும் அம்மை குறைந்தது. பள்ளிக்கூடத்தைத் திறக்கலாமா என்று கேட்பதற்குப் பெற்றவர்களைக் கூப்பிட்டார்கள். முற்றத்து வாகை மரத்தடியில் கூட்டம். பெரிய வாத்தியார் சாதுவான மனிதர். அவர் பேச்சை யாரும் கேட்கவில்லை.

"தெறங்க சார், பயலுக கெணத்துல குதிச்சுக் குதிச்சே செத்துருவானுக போல!"

"எம்மவன் இப்பத்தான் எந்திரிச்சு உக்காந்திருக்கான். தெறந்தா இன்னொரு தரம் பரவும். யாரு பாக்கது? நீயா வந்து பாப்பே?"

"ஒரு தரம் போட்டா மறுபடி போடாது."

"ஓஹோ, அம்மா வந்து ஒங்கிட்டச் சொன்னாளோ?"

திறக்க வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார் பெரிய வாத்தியார். தறி ஞாபகம் வந்தது. தூக்கினேன். திறக்க வேண்டாம் என்பவர்கள் தூக்குங்கள் என்றார். கனியின் இருமல் ஞாபகம் வந்தது. அதற்கும் தூக்கினேன். கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்தேன். தூரத்திலிருந்து குடை என் பக்கம் நீண்டது.

"கனி அம்மா, ரெண்டு பக்கமும் ஓட்டுப் போடுறியா?"

ஊரே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. வாகை மரத்துக்குள் புகுந்துகொள்ள ஒரு பொந்து இருக்கிறதா என்று நான் தேடினேன். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

"சிரிக்காதிய. எனக்கும் ரெண்டு கையும் தூக்கணும்னுதான் இருக்கு. மூடி வச்சா பிள்ளைக படிப்பு மட்டுமா போகுது? மத்தியானச் சோறும் போயிருது. தெறந்தா வயித்துல நெருப்பு. அதனால தெறப்போம். ஆனா நான் சொல்ற மாதிரி."

அவர் சொன்ன மாதிரி என்றால் இப்படி. அம்மை போட்ட பிள்ளைக்கு முத்து இறங்கி, தலைக்கு ஊற்றுகிற வேப்பிலைத் தண்ணீரில் மூன்றாம் தண்ணீரும் ஊற்றி இன்னும் ஒரு வாரம் போயிருக்க வேண்டும். பாதிப் பிள்ளைகள் காலையில், மீதிப் பேர் மத்தியானம். வகுப்பு மரத்தடியில். தண்ணீர் குடிக்க அவரவர் டம்ளர். எல்லாருக்கும் வாயையும் மூக்கையும் மூடி ஒரு துணி.

"மூக்க மூடிட்டா பிள்ளைங்க எப்படிப் பாடம் ஒப்பிக்கும் டீச்சர்?" என்று பெரிய வாத்தியார் மெதுவாகக் கேட்டார்.

"இப்ப மட்டும் ஒப்பிக்குதுகளா?" என்றார் டீச்சர்.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் ஊர் உலகமெல்லாம் முகத்தில் துணி கட்டித் திரிந்ததே, அப்போது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு எங்கள் தெரு விழுந்து விழுந்து சிரித்தது. "கொள்ளைக்காரப் பள்ளிக்கூடம்" என்று பேர் வைத்தார்கள்.

துணிக்கு யார்? குடை மறுபடியும் என்னிடம் வந்து நின்றது. "நீ பேண்டேஜ் தறியிலதான இருக்க? கழிவுத் துணி கெடைக்குமே. கொதிக்க வச்சு, காயப்போட்டு, நாடா வச்சுத் தச்சுக் கொண்டா." முடியாது என்று சொல்வதற்கு ஒரு வார்த்தை வேண்டும். சரி என்பதற்குத் தலையே போதும். ஆட்டிவிட்டேன். தறி முதலாளியிடம் கழிவுத் துணியை மதினிதான் கேட்டு வாங்கித் தந்தார்.

கொதிக்க வைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். வெறும் வெந்நீர் போதுமா, அம்மை ஆச்சே, பிள்ளைகள் ஆச்சே என்று மனசு கேட்கவில்லை. டீச்சரிடம் கேட்கலாமென்றால் அதற்கு வாய் வேண்டும். நானாக இரண்டு கை வேப்பிலை போட்டேன். மஞ்சள் தூளும் போட்டேன். எவ்வளவு என்று கேட்காதீர்கள். தண்ணீர் மாரியம்மன் கோயில் முளைப்பாரி அன்றைக்குத் தெரு மஞ்சளாகக் கிடக்கிற மாதிரி ஆகிவிட்டது. துணியை முக்கி, நிழலில் உலர்த்தித் தைத்தேன். பார்க்கப் பூப்போல் இருந்தது. எனக்கே பெருமையாக இருந்தது என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

பள்ளிக்கூடம் திறந்தது. வாசலில் டீச்சர் குடையோடு நின்றார். "சட்டையத் தூக்கு. திரும்பு. காதுக்குப் பின்னாடி காமி. நாக்க நீட்டு. போ." ஒவ்வொரு பிள்ளையையும் அப்படிப் பார்த்துத்தான் உள்ளே விட்டார். என் மஞ்சள் துணியைப் பார்த்து ஒரு நிமிஷம் நெற்றியைச் சுருக்கினார். பின்னால் வரிசை நின்றதால் ஒன்றும் சொல்லவில்லை. கனியும் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு அன்று மத்தியானத்துக்கு மேல்தான் வேலை. போகிற தைரியம் இல்லாமல் பள்ளிக்கூடத்து அடிபம்புப் பக்கமே நின்றேன்.

பங்குனி வெயில். பிள்ளைகளுக்கு வேர்த்தது. துணி நனைந்தது. வேப்பிலைக் கசப்பு உதட்டில் இறங்க, இரண்டு மூன்று பேர் துப்பினார்கள். மீதிப் பேர் துணியை மென்றார்கள். நெய்யும்போது நூலுக்கு ஏற்றிய கஞ்சி அந்தக் கோடித் துணியில் முழுசாகப் போகவில்லை போலிருக்கிறது. எங்களூர்ப் பிள்ளைகளுக்குக் கஞ்சி ருசி தெரியும்.

காலை வகுப்பு விட்டது. பிள்ளைகள் துணியைக் கழற்றி ஆட்டிக்கொண்டே வெளியே ஓடி வந்தார்கள். மூக்கிலிருந்து தாடை வரை அத்தனை பேருக்கும் மஞ்சள்.

கூட்டிப்போக வந்திருந்தவர்களில் மாடத்தி மதினிதான் முதலில் பார்த்தார். தன் மகனின் முகத்தைப் பிடித்து வெயிலில் திருப்பினார். பிறகு ஒரு கூப்பாடு போட்டார் பாருங்கள், ரயில்வே ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும்.

"அய்யய்யோ, எம்பிள்ளைக்கு மஞ்சக்காமால!"

அவ்வளவுதான். ஆளாளுக்குத் தங்கள் பிள்ளையைப் பிடித்துக் கண் ரப்பையை இழுத்துப் பார்த்தார்கள். "ஏமம்மா இதி!" என்று எதிர்வீட்டு ராஜம்மா தெலுங்கிலேயே அழ ஆரம்பித்தார். ஒருவர் கீழாநெல்லி பறிக்க வாய்க்கால் பக்கம் ஓடினார். இன்னொருவர் அதைக் கலக்கிக் கொடுக்க மாடு வைத்திருக்கிற வீட்டு மோரையெல்லாம் விலை பேசிவிட்டார். ஆண்கள் நாலு பேர் வேகமாக வந்தார்கள். "பூட்டுங்க மொதல்ல! இனி இந்தப் பள்ளிக்கூடத்துக்கு எந்தப் பிள்ளையும் வராது!" பெரிய வாத்தியார் ஆபீஸ் ரூமுக்குள் போய் எதையோ தேடத் தொடங்கினார். சாயங்காலம் வரைக்கும் அவருக்கு அது கிடைக்கவில்லை.

டீச்சர் ஒற்றை ஆளாக வாசலில் நின்றார். "யாருக்கும் காமால இல்ல! அது துணி மஞ்சள்! சொல்றதக் கேளுங்க!" யார் கேட்டார்கள்? குடையை நீட்டினார். முதல் தடவையாக அந்தக் குடைக்கு யாரும் நிற்கவில்லை.

ஒரு வார்த்தை போதும். "நான்தான் மஞ்சள் போட்டேன்." இவ்வளவுதான் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். காற்று வந்தது. இன்னொரு தரம் திறந்தேன். அதுவும் காற்றுதான். பள்ளிக்கூடத்தைப் பூட்டப் போகிறார்கள். தறி போகும், கனி மறுபடி மதினி வீட்டுத் திண்டாட்டம். இதெல்லாம் தெரிந்தும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

கனியின் கையில் இருந்த துணியைப் பிடுங்கினேன். அடிபம்பில் நனைத்தேன். கூட்டத்துக்கு நடுவே போய் நின்று என் முகத்தில் இறுக்கிக் கட்டினேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். செத்த நேரம் அப்படியே நின்றேன். பிறகு அவிழ்த்தேன்.

மதினி கிட்டே வந்து என் தாடையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். மூக்குக்குக் கீழே மீசை, தாடை முழுக்க மஞ்சள் தாடி.

"ஏட்டி, நீயா இந்த வேல பாத்தே?"

தலையை ஆட்டினேன். முதலில் ராஜம்மா சிரித்தார். அப்புறம் எல்லாரும். கீழாநெல்லிக்குப் போனவர் ஒரு கட்டு பறித்துக்கொண்டு மூச்சிரைக்க வந்து, "யாருக்கு, யாருக்கு?" என்று கேட்க, "இவளுக்குக் குடுய்யா" என்று என்னைக் காட்டினார்கள்.

டீச்சர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "கனி அம்மா, மஞ்சள் எம்புட்டுப் போட்டே?"

"கொஞ்சம்" என்றேன்.

"யாரு கல்யாணத்துக்கு?"

டீச்சருக்கு வருத்தம் என்னவென்றால், மறுநாள் பிள்ளைகள் ஒருவர் பாக்கி இல்லாமல் வந்தார்கள். கிருமி, மூச்சு என்று அவர் சொன்னதற்கு மசியாத ஊர், வேப்பிலையும் மஞ்சளும் போட்ட துணி என்றதும் நம்பிவிட்டது. "அம்மாவுக்கு உகந்தது" என்று கட்டிவிட்டார்கள். பெரியவர்களும் இரண்டு பேர் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். "நான் சயன்ஸ் சொன்னேன், இவ சாமி ஆக்கிட்டா" என்று டீச்சர் பெரிய வாத்தியாரிடம் புலம்பினாராம். எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அந்தப் பங்குனி முழுவதும் மஞ்சள் வாயோடு திரிந்தார்கள். பரீட்சைத் தாளில்கூட அங்கங்கே மஞ்சள் ரேகை.

பரீட்சை முடிகிற சமயத்தில் ஒருநாள் காலை வாசலில் குடை இல்லை. பிள்ளைகள் பழக்கத்தில் தாங்களாகவே சட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். பெரிய வாத்தியார் வந்து சொன்னார். டீச்சருக்கு அம்மை.

"அவியளுக்குச் சின்ன வயசுல போடவே இல்லையாம். பெரியவங்களுக்குப் போட்டா பாடு அதிகம்னு டாக்டரே சொல்லிருக்காரு. லீவு போடுங்கன்னு திறக்கும்போதே நான் சொன்னேன். மாட்டேன்னுட்டாங்க. 'வாசல்ல யாரு நிப்பா, நீங்களா?'ன்னு கேட்டாங்க. நானும் என்ன சொல்ல?"

இவ்வளவு நாளும் அத்தனை பிள்ளைகளையும் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தவர், அம்மை போடாத ஆள் என்று எங்களுக்குத் தெரியாது. அவருக்கு அக்கம்பக்கத்தில் சொந்தம் யாரும் இல்லை. எனக்குச் சின்ன வயதிலேயே போட்டு மூக்கில் தழும்பு இருக்கிறது. "ஏட்டி, நீ போ. நீதான் பேசி அவியளத் தொந்தரவு பண்ண மாட்டே" என்று மதினி என்னை அனுப்பி வைத்தார்.

தறி விடுமுறை அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். டீச்சர் வீட்டு நிறுத்தம் பஸ்ஸ்டாண்டுக்கு முன்னாலேயே வரும். இறங்க வேண்டும் என்று கண்டக்டரிடம் சொல்ல வெட்கப்பட்டு, பஸ்ஸ்டாண்டு வரை போய், வந்த வழியே திரும்பி நடந்தேன். போகிற ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். ஒரு வீட்டுக்குப் பின்கட்டில் ஒற்றை அறை. கதவில் வேப்பிலை. வீட்டுக்காரம்மா கஞ்சியை வாசலில் வைத்துவிட்டுப் போவாராம்.

"யாரது?" என்று உள்ளிருந்து குரல்.

நின்றேன்.

"பேசாம நிக்குறது யாரு? கனி அம்மாவா?"

உள்ளே போனேன். முகம், கை, கால், ஓர் இடம் விடாமல் முத்து. வாழையிலையில் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் தண்ணீர் கேட்பார் என்று நினைத்தேன். "பிள்ளைக எப்படி இருக்கு?" என்றார். "நல்லாருக்கு" என்றேன். "சும்மா சொல்லாத. முந்துன நாள் வரைக்கும் கிளாஸ் எடுத்தேன். எனக்கு வந்துட்டிருக்குன்னு எனக்கே தெரியாது. எங்கிட்டருந்து எந்தப் பிள்ளைக்குப் போச்சோ." அன்று அவர் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நான் விசிறிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவை போனபோதும் அதே கேள்விதான். "தொத்தியிருந்தா வெளிய தெரிய மூணு வாரம் ஆகும், இன்னும் நாள் இருக்கு" என்று அவராகவே பதிலும் சொல்லிக்கொள்வார்.

முத்து இறங்கியது. வீட்டுக்காரம்மா பார்த்து இரண்டு தண்ணீர் ஊற்றிவிட்டார். மூன்றாம் தண்ணீர் மட்டும் தள்ளிக்கொண்டே போனது. "மூணாவதும் ஊத்திட்டா இது முடிஞ்சதுன்னு ஆயிரும். முடிஞ்சுதான்னு தெரியாம எப்படி ஊத்த?" என்று டீச்சர் பிடிவாதம். சித்திரையும் பிறந்துவிட்டது.

அந்த மூன்று வாரமும் கழிந்த பிறகு ஒருநாள் நான் போய், சின்ன அண்டாவில் தண்ணீர் நிரப்பி வேப்பிலை போட்டு முற்றத்து வெயிலில் வைத்தேன். மஞ்சளைக் கொஞ்சமாகத்தான் போட்டேன். சூடு ஏறியதும் குளிக்கிற மூலைக்குத் தூக்கி வந்தேன். டீச்சரைப் பலகையில் உட்காரவைத்தேன். செம்பை எடுத்தபோது கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

"இரு. வரிசையாச் சொல்லு. அய்யனார்?"

"நல்லாருக்கான்."

"அழகு?"

"அவனும்."

வகுப்புப் பிள்ளைகளின் பெயரையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். எனக்குத் தெரியாத பிள்ளை என்றால், எந்தத் தெரு, யார் மகன் என்று அடையாளம் சொல்லி, எனக்கு விளங்கும் வரை விடவில்லை. நான் கிளம்புவதற்கு முன்னாலேயே மதினியை வீடு வீடாக அனுப்பிக் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். அதனால் எல்லாப் பெயருக்கும் பதில் இருந்தது. என் வாழ்க்கையில் நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. கடைசியில் குரலை இறக்கி, "கனி?" என்றார்.

"நல்லாருக்கா டீச்சர். யாருக்கும் ஒண்ணும் வரல."

டீச்சர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் ஆடியது. பிறகு, "சரி, ஊத்து" என்று தலையைக் குனிந்தார்.

அண்டாவில் கைவிட்டுப் பார்த்தேன். பெயர் சொல்லி முடிவதற்குள் தண்ணீரில் சூடு இறங்கிவிட்டது.

"பரவாயில்ல, ஊத்து" என்றார்.

நான் அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய், வெயில் நகர்ந்திருந்த இடமாகப் பார்த்து மறுபடி வைத்தேன்.